மூன்றாம் பெயரில் வந்தவர்

இரவு ஒன்றேமுக்கால்.
சத்துவாச்சாரியில் கரண்ட் போய் வந்து
ரவுட்டர் கண் சிமிட்டத் தொடங்கிய நேரம்
லாட்ஜிலிருந்து முனவ்வர் கூப்பிடுகிறான்.
"அண்ணே, திரும்பவும் அதே கம்ப்ளெயிண்ட்.
பணம் போயிடுச்சாம். ரூம் வரலையாம்."

என் லேப்டாப்பில் எல்லாம் சரியாக இருக்கிறது.
நாலு நாளாக இதையேதான் சொல்கிறேன்,
டாக்டர் வீட்டு வாசலில் நின்றுவிடும்
பல்வலிக்காரனைப்போல.
இரண்டு பேர், ஏசி வேண்டாம்,
சோதனை அட்டை எண், ஓடிபி,
பச்சை டிக்.
கேச் அழித்தேன். பிரவுசர் மாற்றினேன்.
மச்சினன் செல்போனைப் பிடுங்கி அதிலும் பார்த்தேன்.
பச்சை டிக்.

பிழைப் பதிவில் மட்டும்
ஓ.பி. கவுண்டர்போல் ஒரு வரிசை,
அத்தனையும் ஒரே வரி:
பணம் கட்டியவர் யாரென்று தெரியவில்லை
பணம் கட்டியவர் யாரென்று தெரியவில்லை

"அவரையே லைனில் போடுடா" என்றேன்.

நிர்மலேந்து. திரிபுராவில் தர்மநகர்.
காட்பாடி ஜங்ஷன் இரண்டாம் பிளாட்பாரத்தில்
பெட்டிமேல் உட்கார்ந்திருக்கிறார்.
மனைவிக்குக் காலை ஏழுக்கு ரத்தம் எடுக்கிறார்கள்.
அவர் இந்தியும் என் இந்தியும்
ஆளுக்கொரு இரவல் சட்டை,
கை நீளம் பத்தவில்லை.

மேலே இருக்கும் முகவரியை
எழுத்தெழுத்தாகப் படியுங்கள் என்கிறேன்.
படிக்கிறார்.
நடுவில் மூன்று மொழியில் ஒரு ரயில் தாமதமாகிறது.
மறுபடி முதலிலிருந்து.
இரண்டாவது எழுத்திலேயே நிமிர்ந்து உட்கார்ந்தேன்.
அது நான் டைப் செய்யும் பெயரே இல்லை.

ஒரு லாட்ஜுக்கு மூன்று பெயர்.
டாட் இன், பெரியவர் இருந்தபோது வாங்கியது.
டாட் காம், பாகம் பிரிந்த வருடம்
சின்ன மகன் கோபத்தில் வாங்கியது.
இன்னொன்று ஹவுரா ஏஜெண்டுடையது.
வங்காளி வாய்க்கு வந்தபடி
வேலூரைப் பேலோர் என்று எழுதிப் பதிந்துவிட்டான்.
மூன்றும் வந்து சேர்வது ஒரே சர்வருக்குத்தானே,
காட்பாடியில் இறங்கினாலென்ன,
கண்டோன்மென்டில் இறங்கினாலென்ன
என்று இருந்துவிட்டேன்.

காட்பாடியில் வைத்த பெட்டியைக்
கண்டோன்மென்டில் போய்க் கேட்டால்
யார் தருவார்?

பேலோர் வழியாக நுழைந்தவர் கையில்
ஒரு குக்கீயைத் திணிக்கிறோம், டோக்கன் மாதிரி.
வங்கிப் பக்கம் போய்ப் பணம் கட்டுகிறார்.
கட்டியவரை வங்கி
டாட் இன் வாசலில் கொண்டுவந்து விடுகிறது.
அப்படி விடச் சொல்லி எழுதியவன் நான்தான்,
ஒரு பக்ரீத் லீவில், அவசரமாக.
அங்கே அந்த டோக்கன் செல்லாது.
யார் நீ, மறுபடி லாகின் செய்.

நான் எப்போதும் டாட் இன்னிலேயே நுழைந்தேன்.
எனக்கு எப்போதும் பச்சை.

வழக்கமான வைத்தியம் தெரியும்.
எந்தப் பெயரில் வந்தாலும்
ஒரே பெயருக்குத் திருப்பிவிடு, நிரந்தரமாக.
எந்தப் பெயருக்கு?
அண்ணனும் தம்பியும் கோர்ட்டில் இருக்கிறார்கள்.
அடுத்த வாய்தா பங்குனியில்.
ராத்திரி இரண்டே காலுக்கு
ஜாக்கெட் தைக்கும் பெண்டாட்டிக்குப் பக்கத்தில்
பனியனோடு உட்கார்ந்து
நான் தீர்ப்பு எழுத முடியாது.

வந்த பெயருக்கே திருப்பி அனுப்பு
என்று ஒரு வரியை மாற்றினேன்.
இந்த மூன்றைத் தவிர நாலாவதாக எது வந்தாலும்
நம்பாதே என்று கீழே இன்னொரு வரி.
பேலோர் என்று நானே டைப் செய்து நுழைந்தேன்,
முதல் தடவையாக.
பணம் கட்டினேன்.
திரும்பி வந்தபோது அடையாளம் தெரிந்தது.

நிர்மலேந்துவின் பணத்தை
டிரான்சாக்ஷன் எண்ணை வைத்துத் தேடிப் பிடித்து
207-இல் ஒட்டினேன்.
ஷேர் ஆட்டோவில் மூன்றரைக்குப் போய்ச் சேர்ந்தார்களாம்.
முனவ்வர் ரெஜிஸ்டரைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தான்.
நல்ல கையெழுத்து.

நிர்மலா இந்து, ஆண், வயது 54.

விடிந்ததும் கூப்பிட வேண்டும்,
ஆஸ்பத்திரிச் சீட்டில்
எப்படிப் போட்டிருக்கிறார்களோ.